வாயில் திறந்திருந்தால் போதுமா?
திறந்த மூல மென்பொருள் மாநாடுகள் – ஒரு பார்வை

கணிப்பொறியை இயக்கும் மென்பொருள்கள் இருவகைப்படும். நிறுவனமொன்று தன் மூல நிரலை மறைத்து வைத்து, பயன்படுத்தும் உரிமையை மட்டும் விலைக்குத் தருவது ஒருவகை. மூல நிரலை யாவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இசைவு தந்து பொதுவில் வைப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு 1983-ஆம் ஆண்டில் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்து வித்திட்டவர் அமெரிக்க நாட்டின் ரிச்சர்டு ஸ்டால்மன். அவர் அதனைக் கட்டற்ற மென்பொருள் என்றார். 1998-இல் 'திறந்த மூலம்' என்னும் பெயரும் வழக்கிற்கு வந்தது. நம் வாசகர்க்கு வக்ஃபு என்றால் எளிதில் விளங்கும். பொதுநலன் கருதி விடப்பட்ட கிணற்றில் யார் வேண்டுமாயினும் நீர் முகக்கலாம். அதனை மீண்டும் தனியுடைமையாக்க எவர்க்கும் உரிமையில்லை. ஸ்டால்மன் வகுத்த குனூ பொது உரிமம் ஏறத்தாழ இத்தன்மையதே. திருத்தி வெளியிடுவோர் தாம் பெற்ற உரிமைகளை அடுத்தவர்க்கும் அப்படியே தந்தாக வேண்டும் என்பது அதன் விதி.

எனவே, சட்டப்படி இங்கு வாயில் அகலத் திறந்தே கிடக்கிறது. பட்டம் வேண்டா, பரிந்துரை வேண்டா, நாடு, நிறம், சமயம் ஆகியன கேட்கப்படா. அங்ஙனமாயின் உள்ளே இருப்போர் உலகத்து மக்களின் கலவையாக அன்றோ இருத்தல் வேண்டும்? 'கிட்ஹப்' என்னும் நிரல் களஞ்சியம் 2017-ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வொன்று வேறு செய்தியைச் சொன்னது. விடையளித்த திறந்த மூலப் பணியாளருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் ஆடவர், பெண்டிர் மூவரே. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தம் ஆங்கிலப் பயிற்சி மிகச் சிறந்ததன்று எனத் தெரிவித்திருந்தனர். உரையாடல் முழுதும் ஆங்கிலத்தில் நடைபெறும் உலகில் இது சிறு தடையன்று. சம்பளத்திற்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களைக் காட்டிலும், யாரையும் தடுக்காத இத்தன்னார்வக் களத்தில் பெண்கள் குறைவு என்பது வியப்பிற்குரியது; ஆராய்தற்கும் உரியது.

இதனை மாற்றும் முயற்சிகளுள், மாநாடுகளையும் பட்டறைகளையும் கருவியாகக் கொண்டு நிகழ்ந்தவற்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சான்றாகப் பெரிதும் 'பைத்தான்' மொழியின் வரலாறு அமையும்.

கூடுவதால் விளைவது யாது?

இணையம் வழியே உலகெங்குமிருந்து பணியாற்றக்கூடியவர்கள் எதற்காக விமானமேறி ஓரிடத்தில் கூட வேண்டும் என்று சிலர் வினவுவர். விடை, திறந்த மூலத் திட்டங்கள் நடைபெறும் முறையில் உள்ளது. மூல நிரலை யாரும் படிக்கலாம். ஆனால் அதில் மாற்றம் செய்து பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும் உரிமை சிலர் கையில்தான் இருக்கும். புதியவர் ஒருவர் தம் திருத்தத்தை அனுப்பினால், அவ்வுரிமையுடையார் அதனைப் பார்வையிட்டு, குறை சொல்லி, ஏற்பர் அல்லது மறுப்பர். புலவன் தன் நூலைச் சான்றோர் அவையில் அரங்கேற்றிய பழைய முறையை இஃது ஒருவாறு ஒத்தது. அரங்கேற்றத்திற்கு நூலின் தகுதியோடு அவையோரின் அறிமுகமும் வேண்டியிருந்தது என்பது நாம் அறிந்ததே. முகமறியாத ஒருவர் அனுப்பிய திருத்தம் பல திங்கள் பார்ப்பாரற்றுக் கிடப்பதும், தேநீர் வேளையில் அரைமணி நேரம் உரையாடியவர் அனுப்பியது அடுத்த நாளே பார்க்கப்படுவதும் இவ்வுலகில் புதுமையல்ல. நம்பிக்கை நேர்முகத்தில் விரைந்து வளர்கிறது. ஆகவே மாநாட்டிற்கு யார் வர இயலும் என்பது, காலப்போக்கில், நிரலை யார் ஆள்வர் என்பதையும் ஓரளவு தீர்மானித்துவிடுகிறது.

பைத்தான் மொழியை நெதர்லாந்து நாட்டவராகிய கீடோ ஃபான் ராசம் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆய்வு நிறுவனமொன்றில் உருவாக்கி, 1991-இல் வெளியிட்டார். அதன் முதற் பட்டறை 1994-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடைபெற்றது. கூடியவர் ஏறத்தாழ இருபதின்மர். 'பைக்கான்' என்னும் பெயரிலான முதல் மாநாடு 2003-இல் வாஷிங்டன் நகரில் நிகழ்ந்தது. 2013-இல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் கூடியபோது வந்தோர் தொகை ஏறத்தாழ 2500 ஆயிற்று.

இம்மாநாட்டின் அமைப்பை அறிந்துகொள்வது நலம். முதலில் பயிற்சி வகுப்புகள், அடுத்துச் சொற்பொழிவுகள், இறுதியில் 'ஸ்பிரிண்ட்' எனப்படும் கூட்டுப் பணி நாள்கள். சொற்பொழிவுகளைப் பின்னர் ஒளிப்படமாகவும் காணலாம். கூட்டுப் பணி அவ்வாறன்று. ஒரு மேசையைச் சுற்றிப் பழையவரும் புதியவரும் அமர்ந்து, கணிப்பொறியில் தேவையானவற்றை நிறுவுவது முதல் ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்புவது வரை உடனிருந்து செய்கின்றனர். தனியே வீட்டிலிருந்து முயல்பவர் பெரும்பாலும் தோற்பது நிரலில் அன்று, நிறுவுவதில்தான். ஏதோவொரு கோப்பு இல்லை என்று கணிப்பொறி முரண்டு பிடிக்கும், கேட்பதற்கு ஆளிராது, இரண்டு நாளில் ஊக்கம் வடிந்துவிடும். அருகிலிருப்பவர் இரண்டு மணித்துளியில் தீர்த்துவைக்கும் சிக்கல் அது.

ஒன்றிலிருந்து நாற்பது

2011-ஆம் ஆண்டு பைக்கானில் பெண்கள் ஆற்றிய உரைகள் நூற்றுக்கு ஒன்று. 2012-இல் ஏழு, 2013-இல் பதினைந்து, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் முப்பத்து மூன்று, 2016-இல் நாற்பது. இக்கணக்கை வெளியிட்டவர், மாநாட்டில் பன்மைக்கான பொறுப்பை வகித்த ஜெசிகா மெக்கெல்லர் என்னும் அம்மையார். ஐந்தாண்டில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

தகுதியைத் தளர்த்தி இடமளித்திருப்பர் என்று எண்ணுவோர் உண்டு. நடந்தது வேறு. உரைகளைத் தேர்ந்தெடுக்கும் குழு முதற்கட்டத்தில் அனுப்பியவரின் பெயரை அறியாமலேயே மதிப்பிட்டது. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் விடைத்தாளின் மேல் பெயருக்குப் பதில் எண் இடுவதைப் போன்ற ஏற்பாடு இது. மாற்றம் அதற்கு முந்திய படியில் செய்யப்பட்டது. பெண்கள் உரைக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதைக் கண்ட அமைப்பாளர், தகுதியுடைய பெண்களை ஒவ்வொருவராக அணுகி, எழுதுமாறு வேண்டினர். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு உதவினர். தயங்கியவரை மீண்டும் மீண்டும் ஊக்கினர். பொதுவான அழைப்பிற்கும் பெயர் சொல்லி அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் திருமண வீடுகளில் எல்லாரும் அறிந்தது. அறிவிப்புப் பலகையில் 'அனைவரும் வருக' என்று எழுதிவிட்டு, 'அவர்கள் வரவில்லை, நாங்கள் என்ன செய்வது' என்று கேட்கும் அமைப்பாளர்கள் எல்லா நாட்டிலும் உளர்.

இதற்கு முன்னரே இதே பாடத்தை 'குனோம்' என்னும் திட்டத்தார் கற்றிருந்தனர். 2006-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தின் கோடைப் பயிற்சித் திட்டத்தின்கீழ் அவர்களுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றேனும் பெண்ணிடமிருந்து வந்ததில்லை. உடனே பெண்களுக்கெனத் தனியே ஒரு பயிற்சியை அறிவித்தனர். ஏறத்தாழ 100 பெண்கள் விண்ணப்பித்தனர்! திறமையுடையோர் இல்லாமற் போகவில்லை. தம்மை அழைத்ததாக அவர்கள் எண்ணவில்லை. அத்திட்டமே வளர்ந்து, 2015 முதல் 'அவுட்ரீச்சி' என்னும் பெயரில், பல்வேறு திட்டங்களுக்கும் பல்வேறு பிரிவினர்க்கும் ஊதியத்துடன் பயிற்சி தரும் அமைப்பாயிற்று.

பெர்லினில் ஒரு நாள்

2014-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஐரோப்பியப் பைத்தான் மாநாடு ஜெர்மனியின் பெர்லினில் கூடியது. அதனையொட்டி, போலந்து நாட்டுப் பெண்களாகிய ஓலா சிதார்ஸ்கா, ஓலா செண்டெத்ஸ்கா ஆகிய இருவர் 'ஜாங்கோ கேர்ள்ஸ்' என்னும் பட்டறையை நடத்தினர். நிரல் எழுதுதலை ஒருபோதும் அறியாத பெண்கள், ஒரே நாளில் தமக்கென ஓர் இணையதளத்தை ஆக்கி உலகிற்குக் காட்டிவிடுவது அதன் குறிக்கோள். கட்டணமில்லை. மூவர்க்கு ஒருவர் என்ற அளவில் வழிகாட்டிகள். மேசைகளில் பூக்கள், பலூன்கள், இனிப்புகள். இந்த அலங்காரங்களை எள்ளியவர்களும் உண்டு. தேர்வுக்கூடம் போன்ற இறுக்கத்தோடு இருந்திருப்பின், முதற் பிழைச் செய்தியைக் கண்டதுமே பலர் எழுந்து போயிருப்பர் என்பது என் கருத்து.

பாடநூலை எழுதிய முறை தனியே குறிப்பிடத்தக்கது. 'இணையம் என்பது யாது' என்பதிலிருந்து தொடங்கி, கட்டளை வரியைத் திறப்பது எப்படி என்பது வரை, எதனையும் வாசகர் முன்பே அறிந்திருப்பார் என்று கருதாமல் எளிய உரையாடல் நடையில் எழுதினர். பின்னர் அந்நூலையும், பட்டறை நடத்தும் வழிகாட்டி நூலையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டனர். விண்ணப்பப் படிவம், அழைப்பு மடல், நாளின் நேரப் பகுப்பு என அனைத்தும் ஆயத்தமாகக் கிடைத்தமையால், எந்த ஊரிலும் யாரும் எடுத்து நடத்த இயன்றது. மென்பொருளுக்குரிய திறந்த மூலக் கொள்கையை நிகழ்ச்சி நடத்துதலுக்கே பொருத்தியதுதான் இவர்கள் செய்த பெரும்பணி. பாடநூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் பட்டறைகள் நிகழ்ந்தன. ஒருநாட் பயிற்சியால் யாரும் நிரலாளராகிவிடுவதில்லை என்பது உண்மையே. பயின்றவருள் சிலர் அடுத்த பட்டறைக்கு வழிகாட்டியாக வந்தனர் என்பதைக்கொண்டே இதனை மதிப்பிடல் வேண்டும்.

சிறியனவாகத் தோன்றுபவை

மாநாட்டிற்கு வந்தவரெல்லாம் மாநாட்டில் இடம்பெற்றவர் ஆகார். இடைவேளையில் ஐவர் வட்டமாக நின்று பேசுகின்றனர். புதியவர் ஒருவர் வட்டத்தின் வெளியே தயங்கி நின்று, பின் தன் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நகர்ந்து போகிறார். இதனைக் கண்ட எரிக் ஹோல்ஷர் என்பார் ஓர் எளிய விதியைச் சொன்னார். நின்று பேசும் வட்டத்தில் எப்போதும் ஒருவர் நிற்கும் இடம் வெறுமையாக இருக்கட்டும். ஒருவர் வந்து நிரப்பினால், மீண்டும் நகர்ந்து மற்றோர் இடம் விடுங்கள். பழைய கணிப்பொறி விளையாட்டின் வாய் பிளந்த மஞ்சள் உருவத்தைப் போல் இருப்பதால், 'பேக்மேன் விதி' என இதற்குப் பெயர். நம் ஜமாஅத் தொழுகையில் ஸஃப்புகளில் இடைவெளி விடலாகாது. இங்கோ இடைவெளி விடவேண்டும். இரண்டிலும் கருதப்படுபவர் பக்கத்தில் நிற்க வேண்டிய மனிதரே.

அடுத்தது நடத்தை விதி. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொழில்நுட்ப மாநாடுகளில் பெண்கள் தொல்லைக்குள்ளான செய்திகள் வெளிப்படையாகப் பேசப்படலாயின. அதன்பின், எவ்வகை நடத்தை ஏற்கப்படாது, யாரிடம் முறையிடலாம், முறையிட்டபின் என்ன நிகழும் என்பவற்றை எழுத்தில் வைக்கும் வழக்கம் பரவியது. பைக்கான் 2012 முதல் இதனைக் கடைப்பிடிக்கிறது. வளர்ந்தவர்க்கு ஒழுக்கம் கற்பிப்பதா என்று வெகுண்டோர் பலர். எழுதிய விதியால் மட்டும் யாரும் திருந்திவிடுவதில்லை என்பதில் ஐயமில்லை. முறையீட்டைக் கேட்பதற்குப் பயிற்சி பெற்றவர் அமர்த்தப்பட்டிருத்தலும், கேட்டபின் நடவடிக்கை எடுத்தலும் இல்லையெனில் அவ்விதி சுவரொட்டியே. ஆயினும் தொலைதூரத்திலிருந்து தன் மகளைத் தனியே அனுப்பும் தந்தை முதலில் தேடிப் படிப்பது அப்பக்கத்தைத்தான்.

உணவும் ஒளிப்படமும்கூட இவ்வரிசையில் வரும். பெல்ஜியம் நாட்டுப் புரூசெல்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 'ஃபாஸ்டெம்' மாநாடு 2001-இல் தொடங்கியது. கட்டணமும் இல்லை, பதிவும் இல்லை, பல்கலைக்கழக வளாகத்திற்குள் யாரும் நடந்து செல்லலாம். இவ்வகையில் அதனினும் திறந்த மாநாடு அரிது. அதன் முந்தைய நாள் வெள்ளிக்கிழமை மாலை பலரும் ஒருவரையொருவர் சந்திக்கும் நிகழ்ச்சி பீர் அருந்தும் கூடலாகவே நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. எவரையும் புறந்தள்ளும் எண்ணம் அதில் இல்லை. ஆனால் மது அருந்தாத முஸ்லிம் இளைஞனும், கருவுற்ற பெண்ணும், குடியிலிருந்து மீள முயல்பவரும் அவ்வறையில் நெடுநேரம் நிற்கமாட்டார்கள். அங்கு உருவாகும் நட்பும் அவர்களுக்குக் கிட்டாது. மாலை விளையாட்டுகள், பொது இரவுணவு போன்றவற்றை மாற்றாக வைக்கும் மாநாடுகள் இன்று பெருகியுள்ளன. பதிவுப் படிவத்திலேயே உணவு முறையைக் கேட்பதும், அமைதியாக அமரவோ தொழவோ ஓர் அறை ஒதுக்குவதும், குழந்தைக் காப்பகம் வைப்பதும், செவித்திறன் குறைந்தோர்க்காகச் சொற்பொழிவை உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் காட்டுவதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. தம்மைப் படமெடுப்பதை விரும்பாதவர்க்கு வேறு நிறத்தில் கழுத்துப்பட்டை தரும் மாநாடுகளும் உண்டு. வாய்விட்டு மறுக்கக் கூசும் பெண்ணுக்கு அந்நிறமே மறுமொழியாகிறது.

எழுத்தாகத் திரையில் ஓடும் உரையைச் செவித்திறன் குறைந்தோரினும் மிகுதியாகப் பயன்படுத்துவோர் யார் தெரியுமா? ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர். விரைந்து பேசும் அமெரிக்கரின் உச்சரிப்பைப் பின்தொடர இயலாத நம்மவர்க்கு அது பெருந்துணை.

ஊர்விட்டு ஊர்

இவ்வளவு செய்தும், மாநாடு ஒரே நாட்டில் நடந்துகொண்டிருந்தால் வர இயலாதோர் வர இயலாதோரே. பயணச் செலவு ஒருபுறம். விசா மறுப்பு மறுபுறம். நிதியுதவி கிடைத்தும், உரை ஏற்கப்பட்டும், தூதரக வாயிலில் திரும்பியவர் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் பலர்.

'டெபியன்' என்னும் இயங்குதளத் திட்டத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். 1993-இல் தோன்றிய இத்திட்டத்தின் மாநாடு ஆண்டுதோறும் வேறு வேறு நாட்டில் கூடும். 2022-இல் கொசோவோவின் பிரிசுரென். 2023-இல் நம் அண்டை மாநிலத்துக் கொச்சி. 2024-இல் தென்கொரியாவின் பூசான். 2025-இல் பிரான்சின் பிரெஸ்த். வர இயலாதவர்க்கு உணவு, உறையுள், பயணம் ஆகியவற்றிற்கு உதவித்தொகையும் உண்டு. பைத்தான் உலகிலோ ஒவ்வொரு நாடும் தன் மாநாட்டைத் தானே நடத்தத் தலைப்பட்டது. இந்தியப் பைக்கான் 2009-இல் பெங்களூரில் தொடங்கி, 2019-இல் சென்னைக்கும் வந்தது. அதே 2019-இல் ஆப்பிரிக்கப் பைக்கான் முதன்முறையாகக் கானாவின் அக்ராவில் கூடியது. 2023-இல் ஜாங்கோ மாநாடு தான்சானியாவின் சான்சிபாரில் நிகழ்ந்தது. அமெரிக்கப் பைக்கானிலேயும் 2018 முதல் ஸ்பானிய மொழியில் தனி அரங்கம் நடைபெறுகிறது. மொழி மாறினால் மேடையேறுவோரும் மாறுவர் என்பதற்கு அது சான்று.

பணம் யாருடையது?

இவை அனைத்திற்கும் பொருள் வேண்டும். அமெரிக்கப் பைக்கானில் 'எல்லாரும் கட்டணம் செலுத்துவர்' என்றொரு மரபு உண்டு. சொற்பொழிவாளரும், உழைக்கும் அமைப்பாளரும்கூட நுழைவுக் கட்டணம் கட்டவேண்டும். கேட்டவுடன் இது விருந்தினரிடம் சோற்றுக்கு விலை கேட்பது போல் தோன்றும். இயன்றவர் கட்டுவதால் கட்டணம் குறைவாக இருக்கிறது. மிஞ்சுவது இயலாதவரின் பயணத்திற்குப் போகிறது. உதவி வேண்டுவோர் சொற்பொழிவாளராயினும், புதியவராயினும், ஒரே படிவத்தில்தான் விண்ணப்பிக்கின்றனர்.

மாநாட்டு வருவாயைக் கொண்டு பிறநாட்டுக் கூடல்களுக்கு உதவி வந்தது, 2001-இல் நிறுவப்பட்ட பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை. உதவி கேட்போர் பெருகி, நிதி சுருங்கியமையால், 2025 ஆகஸ்டில் அவ்வுதவித் திட்டத்தை அது நிறுத்திவைத்தது. அவ்வேளையில் ஒரு பெருந்தொகை வாயிலில் வந்து நின்றது. பைத்தான் நிரற்பொதிகளின் களஞ்சியத்தைத் தீயோரிடமிருந்து காக்கும் ஆய்விற்காக, அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பதினைந்து இலட்சம் டாலர் வழங்கப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. பதினான்கு ஊழியரைக்கொண்டு, ஆண்டிற்கு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் டாலர் செலவில் நடக்கும் அமைப்பிற்கு இஃது எத்தகைய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை இருந்தது. பன்மை, சமவாய்ப்பு, உள்ளடக்கம் ஆகியவற்றை வளர்க்கும் திட்டங்களை, கூட்டாட்சிச் சட்டங்களுக்கு மாறான வகையில், நடத்துவதில்லை என அறக்கட்டளை உறுதியளிக்க வேண்டும். அவ்வுறுதி அந்த ஆய்வுப் பணியோடு நில்லாமல், அறக்கட்டளையின் எல்லாப் பணிகளையும் கட்டுப்படுத்தும்; மீறியதாகக் கருதப்பட்டால், கொடுத்துச் செலவழிந்த பணத்தையும் அரசு திரும்பக் கேட்கலாம். பலநாட்டாரும் பலதிறத்தாரும் அடங்கிய நிரலாளர் குழுவை வளர்ப்பது அறக்கட்டளையின் நோக்கமாகவே எழுதப்பட்டுள்ளது. அதன் ஆட்சிக்குழு ஒருமனதாக வாக்களித்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 2025 அக்டோபரில் அதனை வெளிப்படையாக அறிவித்தது.

பாதுகாப்புப் பணி நின்றதே என்று வருந்தியவரும், பணத்தை வாங்கிக்கொண்டு அமைதியாக இருந்திருக்கலாம் என்று சொன்னவரும் உண்டு. அக்களஞ்சியத்தை நம்பியிருப்போர் உலகெங்கும் எண்ணிறந்தோர் ஆதலின், அவ்வருத்தத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அறிவிப்பு வெளியான சில நாள்களிலேயே தனிமனிதர் பலர் புதிதாக உறுப்பினராகிச் சிறு சிறு தொகைகளை அனுப்பினர். மறுக்கப்பட்ட தொகைக்கு அவை ஈடாகவில்லை.